தால் பூரி வெடித்தால் மாவைத் திட்டாதீர்கள்

ரோஸ் ஹில்லில் எங்கள் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை 20 பேர் சாப்பிட வருவது பெரிய செய்தி இல்லை. நாத்தனார் குடும்பம், பக்கத்து வீடு, இவருடைய அலுவலக நண்பர்கள் என்று சேர்ந்தாலே அந்தக் கணக்கு வந்துவிடும். கும்பகோணம் பக்கத்திலிருந்து கல்யாணமாகி மொரீஷியஸுக்கு வந்து 18 வருஷம். இத்தனை வருஷத்தில் என் அடுப்பில் கெடாத பதார்த்தம் கிடையாது. பூரி வெடித்திருக்கிறது, வடை எண்ணெயில் கரைந்திருக்கிறது, மூன்று மணி நேரம் கொதித்த பீன்ஸ் கல்லாகவே இருந்திருக்கிறது.

ஒரு விஷயம் மட்டும் புரிய எனக்கு நாலைந்து வருஷம் ஆனது. பிழை கண்ணில் படுகிற இடம் ஒன்று, அது பிறந்த இடம் வேறு. பூரி வெடிப்பது பலகையில். தப்பு நடந்தது காலையில் பருப்பு வெந்த பானையில். அதனால் கீழே ஒவ்வொன்றையும் என்ன தெரிகிறது என்பதில் தொடங்கி, பின்னோக்கிப் போய்த் தேடும்படி எழுதியிருக்கிறேன். பாதிக்கு மேல் போய் முட்டுகிற இடம் தண்ணீர்தான்.

தால் பூரி: தேய்க்கும்போதே கிழிந்து பருப்பு வெளியே வருகிறது

முதலில் இந்தப் பூரி என்ன என்று சொல்லிவிடுகிறேன். 1834க்குப் பிறகு பிகார் பக்கத்திலிருந்து கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தத்தில் வந்தவர்களோடு வந்த பண்டம் இது. அங்கே கடலைப் பருப்பு, இங்கே மஞ்சள் பட்டாணிப் பருப்பு. வேகவைத்து அரைத்த பருப்பை மைதா உருண்டைக்குள் அடைத்து, மெல்லிசாகத் தேய்த்து, கல்லில் போட்டு எடுப்பது. பெயரில்தான் பூரி, எண்ணெயில் பொரிப்பதில்லை. கடையில் இரண்டிரண்டாகத்தான் தருவார்கள். உள்ளே டபுள் பீன்ஸ் கறி, தக்காளி ரூகாய் (நம் தக்காளித் தொக்கு மாதிரி), மிளகாய்ச் சட்னி வைத்துச் சுருட்டித் தாளில் மடித்துக் கொடுப்பார்கள். இந்தத் தீவில் சாதி, மதம் பார்க்காமல் எல்லாரும் தெருவில் நின்று தின்கிற சாமான் இது.

எனக்கு இதில் ஒரு மிதப்பு இருந்தது. பருப்புப் போளி தட்டுகிற வீட்டிலிருந்து வந்தவள்தானே, இதில் என்ன இருக்கிறது, உப்புப் போட்ட போளி, அவ்வளவுதான் என்று நினைத்தேன். அந்த மிதப்பே என்னைக் கவிழ்த்தது. போளிக்குப் பருப்பைக் குழைய வேகவைத்தாலும் பரவாயில்லை. வெல்லப்பாகு அதை இழுத்துப் பிடித்துக் கெட்டியாக்கிவிடும். தால் பூரியில் வெல்லம் கிடையாது. குழைந்த பருப்பு ஈரமான களிமண் மாதிரி உருண்டைக்குள் உட்கார்ந்துகொள்ளும். கட்டையால் அழுத்தினால் நகராது. மாவு நகரும், இது நகராது. அந்த இடத்தில் மாவு கிழியும். என் முதல் விருந்தில் இது நடந்தபோது மாவு தளர்ந்துவிட்டது என்று நினைத்து இன்னும் மைதா சேர்த்துப் பிசைந்தேன். வெடிப்பது நிற்கவில்லை, செருப்புத் தோல் மாதிரியும் ஆகிவிட்டது. 22 பேர் மரியாதைக்குச் சாப்பிட்டார்கள்.

சரி, பின்னோக்கிப் போவோம்.

அரைத்த பருப்பை ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் இறுக்குங்கள். விரலைப் பிரித்தால் பிடித்த வடிவில் நிற்க வேண்டும். கட்டைவிரலால் லேசாகத் தட்டினால் பொலபொலவென்று உதிர வேண்டும். உதிராமல் உங்கள் கைரேகை அதில் பதிந்து நின்றால் ஈரம் அதிகம். விரலில் பசை மாதிரி ஒட்டினால் ரொம்பவே அதிகம். சரியாக வந்த பருப்பு வறுத்த ரவை போல ஓடும். தட்டைச் சாய்த்தால் மணல் சரிவது போலச் சரியும்.

ஈரம் மூன்று வழியில் வந்திருக்கலாம். ஒன்று, அதிகமாக வெந்தது. குக்கரில் விசில் எண்ணி வைத்தால் இந்தப் பருப்பு பெரும்பாலும் குழையும். திறந்த பானையில், மஞ்சள் தூள் போட்டு, கொதி வந்த 20 நிமிடத்திலிருந்தே ஒரு பருப்பை எடுத்து நசுக்கிப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நகத்தால் அழுத்தினால் இரண்டாக உடைந்து, உள்ளே வெள்ளைப் புள்ளி இல்லாமல், ஆனால் கூழாகாமல் இருக்கிற நேரம் ஒன்று உண்டு. அது சுமார் ஐந்து நிமிடம் நிற்கும். அப்போதே வடித்துவிட வேண்டும். இரண்டு, வடித்ததும் சூட்டோடு அரைத்தது. சூடான பருப்பு ஆவியை உள்ளேயே வைத்திருக்கும்; அரைத்தால் பசையாகும். பருத்தித் துணியில் பரப்பி, கை தாங்குகிற சூடுகூட இல்லாத அளவு ஆறவிட வேண்டும். மூன்று, மிக்ஸி. நிறுத்தாமல் ஓட்டினால் மாவாக்கிவிடும். விட்டு விட்டு, கால் ஜாராகப் போட்டு ஓட்டுங்கள். எங்கள் பக்கத்து வீட்டில் கறி கொத்துகிற மாதிரி கையால் சுற்றும் இரும்பு அரைவை இருக்கிறது. பூரி என்றால் அதைத்தான் இரவல் வாங்கி வருவேன். பருப்பு அதில் பூ மாதிரி விழும்.

ஈரமாகிவிட்டது, விருந்தாளிகள் வாசலில் நிற்கிறார்கள் என்றால் மைதாவைச் சேர்க்காதீர்கள். அகலமான வாணலியில் எண்ணெய் இல்லாமல், சிறு தீயில், அடி பிடிக்காமல் கிளறுங்கள். 10 நிமிடத்தில் ஆவி போய் உதிரத் தொடங்கும். ஆறவைத்து மறுபடி ஒரு சுற்று அரைத்தால் முக்கால்வாசி சரியாகிவிடும். வறுத்துப் பொடித்த சீரகத்தையும் உப்பையும் அதற்கப்புறம் சேருங்கள்.

பருப்பு சரியாக இருந்தும் கிழிகிறதா? இப்போதுதான் மாவைப் பார்க்க வேண்டும். மாவு உங்கள் காது மடலைத் தொட்டால் எப்படி இருக்குமோ அந்த மென்மையில் இருக்க வேண்டும், சப்பாத்தி மாவைவிட ஒரு படி தளர்வாக. பருப்பு வடித்த மஞ்சள் தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள். வெதுவெதுப்பாக இருக்கும்போது அதிலேயே பிசைய வேண்டும். நிறமும் வாசனையும் அதில்தான். பிசைந்து எண்ணெய் தடவி, மூடி, அரை மணி நேரமாவது விட வேண்டும். ஊறாத மாவு ரப்பர் மாதிரி இழுத்துக்கொண்டு சுருங்கும். சுருங்குகிறதே என்று அழுத்தினால் கிழியும்.

அடைக்கிற விதமும் ஒன்று உண்டு. உருண்டையை நடுவில் தடிமனாகவும் ஓரத்தில் மெலிதாகவும் கிண்ணம் போல விரித்து, பருப்பை வைத்து, விரலால் அழுத்தி இறுக்கிவிட்டு, ஓரங்களை மேலே கூட்டி முறுக்கி மூட வேண்டும். கூட்டிய இடத்தில் மாவு கெட்டியாகச் சேரும். அதை அடிப்பக்கமாக வைத்து, முதலில் உள்ளங்கையால் தட்டையாக்கிவிட்டு, அப்புறம் கட்டையை எடுங்கள். நடுவில் தொடங்கி வெளியே தள்ளுங்கள். ஓரத்துக்கு ஒரு விரல் முன்னே நிறுத்துங்கள்.

என் அளவு: அரை கிலோ பருப்புக்கு 600 கிராம் மைதா. 20 முதல் 22 பூரி வரும். ஆளுக்கு இரண்டு ஜோடி என்று வைத்தால் 20 பேருக்கு 80 பூரி, அதாவது இந்த அளவைப் போல நாலு மடங்கு. இதைத் தனியாகச் செய்ய நினைப்பதே முதல் பிழை. ஒருவர் அடைக்க, ஒருவர் தேய்க்க, ஒருவர் கல்லில் பார்க்க, மூன்று பேர் வேண்டும். முதல் ஆளாக நாத்தனாரைப் பிடியுங்கள்.

வெடிக்கவில்லை, ஆனால் அப்பளம் போல விறைக்கிறது

கல் காயவில்லை. குறைந்த சூட்டில் பூரி ரொம்ப நேரம் கிடக்கும், கிடந்தால் காயும். தண்ணீர் தெளித்தால் துள்ளி ஓட வேண்டும், அந்தச் சூட்டில் ஒரு பக்கம் 40, 50 நொடி போதும். பொன்னிறப் புள்ளி அங்கங்கே வந்தாலே அதிகம். எடுத்ததும் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கித் துணியால் மூடி, மூடியுள்ள பாத்திரத்தில் வையுங்கள். தன் ஆவியிலேயே அது மெத்தென்று ஆகும். தேய்க்கும்போது தூவிய மாவு கல்லில் தங்கிக் கருகினால் அடுத்த பூரியில் கசப்பு ஏறும். நாலு பூரிக்கு ஒரு தரம் கல்லைத் துணியால் துடைத்துவிடுங்கள்.

நேற்றுச் செய்தது இன்று கடிக்க முடியவில்லை

ஃபிரிட்ஜின் வேலை. வெந்த மாவுச்சத்து ஆறினால் மறுபடி இறுகும். அது வெளியே இருப்பதைவிட ஃபிரிட்ஜின் குளிரில் இன்னும் வேகமாக நடக்கும். ரொட்டிக்கும் இதே கதைதான். அன்றைக்கே தீராது என்று தெரிந்தால் ஃபிரீசரில் வைத்துவிடுங்கள். எடுத்து, ஈரத்துணியில் சுற்றி, இட்லிப் பாத்திரத்தில் மூன்று நிமிடம் ஆவி காட்டினால் கிட்டத்தட்ட புதிது போல வரும். அரைத்த பருப்பை மட்டும் இரவு வெளியே வைக்காதீர்கள். டிசம்பர், ஜனவரியில் இங்கே கோடை; அந்தப் புழுக்கத்தில் காலைக்குள் புளித்துவிடும்.

காத்தோ பிமா: எண்ணெயில் போட்டதும் கரைந்து நுரைக்கிறது

காத்தோ பிமா என்றால் மிளகாய்க் கேக் என்று பொருள் வரும். கேக்கும் இல்லை ஒன்றும் இல்லை, நம் மசால் வடைதான். தட்டாமல் சின்ன உருண்டையாகப் போடுவார்கள், வெங்காயத்தாள் தாராளமாக விழும். காலையில் வெண்ணெய் தடவிய ரொட்டிக்குள் நாலைந்தை வைத்து நசுக்கிச் சாப்பிடுவது இங்கே வழக்கம். முதலில் சிரித்தேன். இப்போது எனக்கு அதுதான் காலை உணவு.

கரைவதற்குக் காரணம் அரைத்ததில் ஈரம், அல்லது அரைத்தது போதவில்லை. பட்டாணிப் பருப்பை இரவு ஊறவைத்து, காலையில் வடிதட்டில் அரை மணி நேரம் விட வேண்டும். நான் அதற்கும் மேலே போய்த் துணியில் ஒற்றி எடுப்பேன். அரைக்கும்போது ஒரு சொட்டுத் தண்ணீர் கூடாது. ஜாரில் ஓடவில்லையா, நிறுத்தி, கரண்டியால் தள்ளிவிட்டு, மறுபடி ஓட்டுங்கள். முக்கால் பங்கு நைசாக, கால் பங்கு உடைந்த பருப்பாக இருக்க வேண்டும். நைசானது பிடிக்கும், உடைந்தது மொறுமொறுக்கும். முழுக்கக் கொரகொரப்பாக இருந்தால் பிடிக்க ஆள் இல்லாமல் சிதறும்.

இன்னொரு திருடன் உப்பு. உப்பும் வெங்காயமும் மல்லியும் சேர்த்து அரை மணி நேரம் வைத்தால் மாவு தண்ணீர் விட்டு இளகிவிடும். பொரிக்கிற நேரத்தில்தான் உப்புச் சேர்க்க வேண்டும், அதுவும் ஓர் ஈட்டுக்கு வேண்டிய மாவில் மட்டும். ஏற்கெனவே இளகிவிட்டதா? இரண்டு கரண்டி கடலை மாவு சேர்த்தால் அன்றைய மானம் பிழைக்கும். அரிசி மாவு வேண்டாம், கடிக்க முடியாமல் போகும்.

எண்ணெய் 170 முதல் 180 டிகிரிக்குள் இருக்க வேண்டும். தெர்மாமீட்டர் எல்லாம் எந்த வீட்டில் இருக்கிறது! ஒரு சிட்டிகை மாவைப் போடுங்கள். அடியில் தங்கி யோசித்துவிட்டு மேலே வந்தால் இன்னும் காயவில்லை. விழுந்ததும் சிவந்தால் காய்ந்து போய்விட்டது. அடியைத் தொட்டும் தொடாமல் மேலே வந்து சலசலத்தால் சரி. ஒரே நேரத்தில் 15 உருண்டையைக் கொட்டினால் எண்ணெய் குளிர்ந்து, சரியான மாவும் கரையும். வெளியே கறுத்து உள்ளே பச்சையாக இருந்தால் தீ அதிகம், உருண்டையும் பெரிது. நெல்லிக்காயைத் தாண்ட வேண்டாம். கல் மாதிரி கெட்டியாக வந்தால் எல்லாவற்றையும் நைசாக அரைத்துவிட்டீர்கள். அதற்கு அந்த ஈட்டில் வைத்தியம் இல்லை, மிச்ச மாவில் கொஞ்சம் பருப்பை ஒன்றிரண்டாக அரைத்துக் கலந்துகொள்ளுங்கள்.

டபுள் பீன்ஸ் வேகவே மாட்டேன் என்கிறது

இங்கே இதற்குக் க்ரோ ப்வா என்று பெயர், பெரிய பட்டாணி. காய்ந்ததை வாங்கி இரவு ஊறவைத்து, காலையில் குக்கரில் போட்டால் வெண்ணெயாக வேகும். சில நாள் வேகாது. ஏன்?

அத்தை, அதாவது என் மாமியார், சொல்லும் காரணம், உப்பை முதலில் போட்டதுதான். 18 வருஷம் இதை மறுத்துப் பேசவில்லை, இங்கே எழுதிவிடுகிறேன்: குற்றவாளி உப்பு இல்லை. ஊறவைக்கும் தண்ணீரில் ஒரு ஸ்பூன் உப்புப் போட்டால் தோல் இன்னும் சீக்கிரம் மிருதுவாகும். வேகவிடாமல் தடுப்பது புளிப்பு. தக்காளியையும் புளியையும் பீன்ஸோடு சேர்த்து வைத்தால், செல்களை ஒட்டிவைத்திருக்கிற பெக்டின் என்ற பசை கரையாமல் நின்றுவிடும். அதற்கப்புறம் நீங்கள் எத்தனை விசில் வைத்தாலும் உருளும். இங்கே தக்காளி இல்லாமல் கறியே கிடையாது (இந்தத் தீவின் பேச்சுமொழியான கிரியோலில் அதற்குப் பெயர் போம் தாமூர், காதல் ஆப்பிள்), ஆகையால் இந்தப் பிழை அடிக்கடி நடக்கும். முதலில் பீன்ஸ் முழுக்க வேகட்டும், அப்புறம் காதல் வரட்டும்.

மற்ற காரணங்கள் இரண்டு: பீன்ஸ் பழசு, அல்லது தண்ணீர் கடினத் தண்ணீர். இரண்டுக்கும் அரை கிலோவுக்குக் கால் ஸ்பூன் சமையல் சோடா உதவும். அதற்கு மேல் போனால் சோப்பு வாசனை வரும், பி1 வைட்டமினும் போய்விடும். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவையுங்கள்.

சிவப்பு ராஜ்மாவுக்கு ஓர் எச்சரிக்கை. அதில் ஃபைட்டோஹீமக்ளுட்டினின் என்ற நச்சு இருக்கிறது. சரியாக வேகாவிட்டால் சில மணி நேரத்தில் வாந்தி, வயிற்றோட்டம். குறைந்தது 10 நிமிடம் தளதளவென்று கொதித்தே ஆக வேண்டும். இரவெல்லாம் மெல்லச் சமைக்கிற ஸ்லோ குக்கரில் பச்சையாகப் போடுவது ஆபத்து, அதன் சூடு போதாமல் போகலாம். இருபது பேரை ஒரே நேரத்தில் படுக்கவைக்கிற பாவம் வேண்டாம்.

கறியில் பச்சை மசாலா வாசனை

நம் ஊரில் பொடியை எண்ணெயில் நேராகத் தூவிவிடுகிற பழக்கம் பலருக்கு உண்டு. அத்தை செய்வது வேறு. மசாலாப் பொடியைக் கொஞ்சம் தண்ணீரில் குழைத்து, வெங்காயம் பூண்டு வதங்கிய எண்ணெயில் விடுவார். தண்ணீர் இருக்கும்வரை பொடி கருகாது. தண்ணீர் சுண்டியதும் பொடி எண்ணெயில் வறுபடத் தொடங்கும். எண்ணெய் ஓரத்தில் பிரிந்து வந்து, மசாலா வாணலியின் அடியை விட்டு ஒன்றாகத் திரளும் வரை கிளறுவார். அதற்கு முன்னால் காயைப் போட்டால் பச்சை வாசனை கடைசி வரை போகாது. காயின் தண்ணீரில் பொடி வேகும், வறுபடாது. அவசரமாகக் காயைப் போட்டுவிட்டீர்களா? தனியாகச் சின்ன வாணலியில் ஒரு கரண்டி எண்ணெயில் புது மசாலாவை இப்படி வதக்கிச் சேருங்கள், பழையதை அது மூடிவிடும். கருகிக் கசந்துவிட்டால் மூட எதுவும் இல்லை. கொட்டிவிட்டு மறுபடி தொடங்குங்கள், காய் போடுவதற்கு முன் என்றால் நஷ்டம் 10 நிமிடம்தான்.

அத்தை வீட்டுக் கொல்லையில் இன்னும் அம்மி கிடக்கிறது. ரோஷ் காரி என்பார்கள், கறிக் கல். மேலே உருட்டுகிற குழவிக்கு இங்கே பெயர் பாபா, கைக்குழந்தை. வந்த புதிதில் "அந்த பாபாவைக் கழுவிக் கொண்டு வா" என்று அத்தை கிரியோலில் சொல்ல, நான் நாத்தனார் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போனேன். தமிழில் குழவி என்றாலும் குழந்தைதானே என்று பிறகுதான் உறைத்தது. மொழி போன வீட்டிலும் உவமை போகவில்லை. கறிவேப்பிலை கரிப்பூலே ஆகி, முருங்கை மூரூம் ஆகி, கொத்தமல்லி கொத்தோமிலி ஆகி அப்படியே நிற்கிறது. அந்தக் கல்லில் அரைத்த மசாலாவுக்கு வாசனை நன்றாக இருக்கிறது என்பது உண்மை. ஆனால் 20 பேருக்கு அதில் அரைக்கச் சொன்னால் நான் மாட்டேன்.

வாழைக்காய் கறுக்கிறது

நறுக்கியதும் காற்றுப் பட்டுக் கறுக்கிறது. உப்பும் மஞ்சளும் கலந்த தண்ணீரில் மூழ்க நறுக்கிப் போடுங்கள், தீர்ந்தது. பலாக்காய்க்குக் கையிலும் கத்தியிலும் எண்ணெய்; பால் பிசின் தண்ணீரில் போகாது, எண்ணெயில்தான் போகும். நறுக்கிய பிறகு தேய்ப்பதைவிட முன்னாலேயே தடவிக்கொள்வது நல்லது.

அஷாரில் மறுநாள் தண்ணீர் நிற்கிறது

முட்டைக்கோஸ், கேரட், பீன்ஸ் மூன்றையும் மெல்லிசாக அரிந்து கடுகு, மஞ்சள், வினிகர், எண்ணெயில் போடுகிற ஊறுகாய் இது. தண்ணீர் விட்டால் காய் காயவில்லை என்று அர்த்தம். கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டு எடுத்து, பிழிந்து, வெயிலில் ஒரு துணியில் இரண்டு மணி நேரம் பரப்புங்கள். மழைக்காலமென்றால் மின்விசிறிக்கு அடியில் இரவெல்லாம்.

ரசோன் கசக்கிறது

ரசத்துக்குத்தான் இங்கே ரசோன். எங்கள் வீட்டில் புளியும் மிளகும் பூண்டும் தூக்கலாக, துவரம்பருப்பு இல்லாமல் வைப்பார்கள். கசந்தால் மூன்றில் ஒன்று. தாளித்த பூண்டு பொன்னிறம் தாண்டிப் பழுப்பாகிவிட்டது. அல்லது மிளகு சீரகம் தட்டிப் போட்ட பிறகும் பாத்திரம் கொதித்துக்கொண்டே இருந்தது. அல்லது புளியைக் கொட்டை நசுங்கக் கரைத்தீர்கள். பொடி போட்டபின் நுரை கட்டி மேலே வந்ததும் இறக்க வேண்டும். இதை எந்த ஊர் ரசத்துக்கும் சொல்வேன். லேசான கசப்பை ஒரு துண்டு வெல்லம் அமுக்கும், கருகிய பூண்டை எதுவும் அமுக்காது.

5 பேருக்கு நன்றாக வருகிறது, 20 பேருக்குச் சொதப்புகிறது

கல்யாணத்திலும் காவடி சமயத்திலும் இங்கே வாழையிலையில் செத் காரி, அதாவது ஏழு கறி போடுவார்கள். வாழைக்காய், பலா, பூசணி, கீரை, கத்தரிக்காய் என்று வீட்டுக்கு வீடு மாறும், சோறும் ரசோனும் கூட வரும். நான் ஒரு தரம் அதை வீட்டில் நாலு மடங்கு கணக்குப் போட்டுச் செய்து, எல்லாக் கறியையும் குழம்பாக்கிவிட்டேன். அளவெல்லாம் நாலால் பெருக்கினேன், தண்ணீரையும் பெருக்கினேன். அங்கேதான் தவறு. தண்ணீர் ஆவியாவது பாத்திரத்தின் வாய் அகலத்தைப் பொறுத்தது, காயின் எடையைப் பொறுத்தது இல்லை. காய் நாலு மடங்கானால் வாயும் நாலு மடங்கு ஆகிவிடாது. பெருக்கி வரும் தண்ணீரில் பாதியை மட்டும் விட்டுத் தொடங்குங்கள், தேவைப்பட்டால் கொதிநீர் சேருங்கள்.

வதக்குவதும் அப்படியே. நாலு கிலோ கத்தரிக்காயை ஒரே பானையில் போட்டால் அது வதங்காது, தன் தண்ணீரில் வேகும், நிறமும் வராது. இரண்டு மூன்று ஈடாக வதக்கிக் கடைசியில் ஒன்றாகக் கூட்டுங்கள். உப்பு மட்டும் நேராகப் பெருக்கினால் சரியாக வரும்: சமைத்த எடை ஒரு கிலோவுக்கு 10 கிராம் என்று நான் நிறுத்துப் போடுகிறேன். மிளகாயை மூன்று மடங்கில் நிறுத்தி ருசி பார்க்கலாம்.

உப்புக் கூடிவிட்டால் உருளைக்கிழங்கு போடச் சொல்வார்கள். உருளை உப்புத் தண்ணீரைக் குடிக்கும், உப்பை மட்டும் தேடிக் குடிக்காது. அதனால் மிச்சம் இருக்கிற சாறும் அதே கரிப்பில்தான் இருக்கும். உப்பில்லாமல் வெந்த பூசணியோ பருப்போ சேர்த்து அளவைக் கூட்டுவது ஒன்றே வழி. இதற்காகவே விருந்து நாளில் ஒரு கிண்ணம் பருப்பை உப்பில்லாமல் ஒதுக்கி வைப்பேன். மூன்றில் ஒரு விருந்துக்கு அது வேலைக்கு வரும்.

இட்லி மாவு பொங்கவில்லை

கடலோரத் தலைநகர் போர்ட் லூயிஸில் இருக்கிற தோழிக்குக் கோடையில் ஆறு மணி நேரத்தில் மாவு வழிந்து ஓடும். கியூர்பீப்பில் இருக்கிற நாத்தனாருக்கு ஆகஸ்டில் மறுநாள் மத்தியானம்கூட அசையாது. அந்த ஊர் சுமார் 550 மீட்டர் உயரத்தில், மேகத்துக்குள் இருக்கிறது. குளிர்கால இரவில் 15 டிகிரிக்குக் கீழேயும் போகும். மாவில் உள்ள நுண்ணுயிர்களுக்கு 28, 30 டிகிரி வேண்டும். உளுந்து குறைவா, அரிசி பழசா என்று தேடுவதற்கு முன் மாவைத் தொட்டுப் பாருங்கள். சில்லென்று இருந்தால் காரணம் அதுதான். ஓவனை மூட்டாமல், உள்விளக்கை மட்டும் போட்டு மாவை உள்ளே வையுங்கள். விளக்கு இல்லாத ஓவன் என்றால் ஒரு பாத்திரம் கொதிநீரைப் பக்கத்தில் வைத்துக் கதவை மூடி, நாலு மணி நேரத்துக்கு ஒரு தரம் மாற்றுங்கள். யாரும் தெரியாமல் ஓவனை மூட்டிவிடாதபடி கதவில் ஒரு சீட்டு ஒட்டுங்கள். நாத்தனார் வீட்டில் ஒரு தரம் மாவு பாத்திரத்தோடு வெந்துவிட்டது.

பாயசம் திரிகிறது, அல்லது களியாகிறது

வெல்லப் பாயசம் திரிந்தால் இரண்டில் ஒன்று சூடாக இருந்திருக்கும். வெல்லத்தில் லேசான புளிப்பு உண்டு; கொதிக்கிற பாலில் அது பட்டால் உடையும். இறக்கி, 10 நிமிடம் ஆறிய பிறகு, ஆறிய பாகை மெல்ல விட்டுக் கலக்குங்கள். ஜவ்வரிசி, சேமியா பாயசம் ஆற ஆற இறுகும். பரிமாறும்போது தளர்வாக வேண்டுமென்றால் அடுப்பிலிருந்து இறக்கும்போது அது தண்ணீராகத் தெரிய வேண்டும். நம்பிக்கை வராது. வராவிட்டாலும் இறக்கிவிடுங்கள், பக்கத்தில் அரை லிட்டர் சூடான பால் தயாராக இருக்கட்டும்.